கிடாவுக்கு ஒரு ஆமென்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு வீடியோவை உங்களில் பலர் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். 2023 ஏப்ரல், ரமலான் மாதம். அல்ஜீரியாவில் போர்ஜ் பூ அரேரிஜ் என்ற ஊர். இமாம் வலீத் மெஹ்சாஸ் தராவீஹ் என்கிற ரமலான் இரவுத் தொழுகையில் நின்று ஓதிக்கொண்டிருக்கிறார். எங்கிருந்தோ ஒரு பூனை வந்து அவர் மேல் தாவுகிறது. தோள் வரைக்கும் ஏறி, முகத்தோடு முகம் உரசிவிட்டு, தன்பாட்டுக்கு இறங்கிப் போகிறது. விழாமல் இருக்க ஒரு கை கொடுத்தார், அவ்வளவுதான். ஓதுவது நிற்கவில்லை. எல்லோரும் பூனையைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலை மட்டும் மறுபடி கேட்டேன். அதையே வானொலியில் போட்டிருந்தால், பூனை வந்ததே உங்களுக்குத் தெரிந்திருக்காது.

வழிபாட்டுக்கு நடுவே விலங்கு வந்து புகுகிற இந்த மாதிரிக் கதைகள் என்றால் எனக்குத் தனிப் பித்து. அதற்குக் காரணம் ஒரு ஆடு.

நெல்லைச் சீமையில் எங்கள் கிராமத்துக் கோயிலில் அறுப்பின் பண்டிகை, விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டு வந்து ஏலம் விடுகிற நாள். வேதக்கோயிலை, அதாவது சர்ச்சை, நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். தூணுக்குத் தூண் வாழைக்குலை, கரும்பு. பீடத்துப் பக்கம் நெற்கதிர்க் கட்டு. ஏலத்துக்கு வந்த கோழி, ஆடு எல்லாம் வெளியே வேப்பமரத்தடியில். எனக்குப் பத்து வயது இருக்கும். பாடகர் குழுவில் முன்வரிசை, அதனால் எதையும் தவறவிடவில்லை. ஐயர், எங்கள் ஊரில் போதகரை அப்படித்தான் சொல்வோம், பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் பிரசங்கம் நீளம். கயிற்றை உருவிக்கொண்ட ஒரு கிடா, நடுவழியில் நடந்து வந்தது. நிதானமாக, பிந்தி வந்த ஊர்ப் பெரியவர் மாதிரி. நேராக நெற்கட்டுக்குப் போய் மேய ஆரம்பித்தது.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஓடி வந்தார். பாவம், அவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கம்பை ஓங்க முடியாது, அதட்ட முடியாது, பிரசங்கம் நடக்கிறது. "போ, போ" என்று கிசுகிசுத்தார். கிசுகிசுத்தால் எந்த ஆடு கேட்கும்? ஐயர் நிறுத்தினார். ஆட்டைப் பார்த்தார். "மற்றக் காணிக்கையெல்லாம் நீங்கள் சுமந்து வந்தீர்கள். இது ஒன்றுதான் தானாக நடந்து வந்திருக்கிறது. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் தொடர்ந்தார். கிடா ஒரு "மே" சொன்னது. பின்னாலிருந்து ஒரு பாட்டி "ஆமென்" என்றார். ஐயருக்குச் சொன்ன ஆமெனா, கிடாவுக்குச் சொன்னதா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. ஏலத்தில் அன்று அதிக விலைக்குப் போனது அந்தக் கிடாதான். அதற்கப்புறம் அதற்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

அந்தக் கோயில்பிள்ளையின் வேலைக்கு இங்கிலாந்தில் தனிச் சம்பளமே இருந்தது. பதினாறாம் நூற்றாண்டு தொடங்கி பல சபைகளின் கணக்குப் புத்தகத்தில் 'நாய் விரட்டுபவர்' என்று ஒரு செலவு வரும். குடியானவர்கள் கோயிலுக்கு வந்தால் நாயும் கூடவே வரும், நாய்களுக்குள் சண்டை வரும். விரட்டச் சாட்டை. தூங்கி வழிகிறவரைத் தட்டி எழுப்புவதையும் சில ஊர்களில் அதே ஆள் பார்த்துக்கொண்டார். வேல்ஸ் நாட்டில் கிளினோக் வவுர் கோயிலில் ஒரு மர இடுக்கி இன்னும் இருக்கிறது. படம் வரைந்து காட்ட வழியில்லை, சொல்லிப் பார்க்கிறேன். மடக்கினால் குறுகிவிடும். அழுத்தினால் நீண்டுகொண்டே போய், பெஞ்சுக்கு அடியில் இருக்கும் நாயின் கழுத்தைப் பிடிக்கும்.

இன்னொன்று. நற்கருணை வாங்க நாம் முழங்கால்படியிடுகிறோமே, பீடத்துக்கு முன்னால் ஒரு தடுப்பு? பதினேழாம் நூற்றாண்டில், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயர் லாட் காலத்தில் அதை வைக்கச் சொன்னபோது, நாய் நுழைய முடியாதபடி கம்புகளை நெருக்கமாக வையுங்கள் என்றும் சேர்த்துத்தான் சொன்னார்கள். நாம் பயபக்தியோடு பிடித்துக்கொள்கிற தடுப்பு, பாதி நாய்க்காக வந்தது!

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டிவிட்டார்கள். ஒரு நிமிடம். இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராலயத்துக்கு அப்போது டீனாக, அதாவது தலைமைக் குருவாக, இருந்த ராபர்ட் வில்லிஸ் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். 2020 பொதுமுடக்கத்தில் தோட்டத்தில் உட்கார்ந்து காலை ஜெபம் ஒளிபரப்பியவர். ஒருநாள் ஒரு பூனை அவர் அங்கிக்குள் புகுந்து மறைந்தது. இன்னொரு நாள் வேறொரு பூனை அவருடைய பால் ஜாடிக்குள் காலை விட்டு நக்கியது. அவரும் ஜெபத்தை நிறுத்தவில்லை.

கடைசியாக, அதே இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பேராலயம். அங்கே பூனைக்கே சம்பளம், பதினான்காம் நூற்றாண்டுக் கணக்கிலேயே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு 13 பென்ஸ், எலி பிடிப்பதற்கு. அதன் போக்குவரத்துக்காக 1598 வாக்கில் கதவில் ஒரு ஓட்டையும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கதவு இருப்பது அவர்களுடைய பெரிய கடிகாரத்துக்குக் கீழே. இங்கேயும் கடிகாரத்தைத்தான் காட்டுகிறார்கள். வணக்கம்.