வாக்கு நிற்பது வாழ்ந்தவரால்தான்!

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம். பெரியவர்கள் சொன்ன வாக்கு காலம் கடந்து நிற்பது சொல்லழகாலா, சொன்னவரின் வாழ்க்கையாலா என்பது தலைப்பு. சொல்லழகுதான் என்று தம்பி வெளுத்து வாங்கிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். நல்ல கைதட்டல். அந்தக் கைதட்டல் கூட்டம் முடிந்து ஆம்பூர் பிரியாணி பக்கம் திரும்பும் வரைக்கும் தாங்குமா, பார்ப்போம்.

தம்பி என்ன சொன்னார்? "கலாம் ஐயா சொல்லாததெல்லாம் அவர் பெயரில் வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. ஆக, யார் சொன்னார் என்று எவனும் பார்ப்பதில்லை, சொல்தான் முக்கியம்" என்றார். சரி தம்பி, சொல் மட்டும் போதும் என்றால் பக்கத்தில் எதற்குக் கலாம் படம்? எழுதியவன் தன் படத்தையே போட்டு அனுப்ப வேண்டியதுதானே? வீட்டுக்காரம்மாகூட படிக்க மாட்டார்.

இது இன்றைய வியாதி இல்லை. "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்." உலகமே இதைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேரின் வாக்கு என்கிறது. எழுதியது ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற அம்மையார், 1906-இல், வால்டேரின் மனப்போக்கை விளக்குவதற்காக. வால்டேர் 1778-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அழகான வரியை எழுதிய அம்மையாரை இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? அநியாயமாகக் கொல்லப்பட்ட ழான் கலாஸ் என்ற வியாபாரிக்காக ஊர் ஊராகக் கடிதம் எழுதி, தீர்ப்பையே மாற்ற வைத்தவர் வால்டேர். அதனால்தான் அந்த வரி தானாகவே அவர் வீட்டு வாசலில் போய் நின்றது.

நம் ஊருக்கு வருவோம். ஆடாக நூறு ஆண்டு வாழ்வதைவிடப் புலியாக ஒரு நாள் வாழ்வது மேல் என்று திப்பு சொன்னதாக வழங்குகிறது. வீராவேசமாகப் பேச யாருக்குத்தான் வராது? தேர்தல் சமயத்தில் தெருவுக்கு நாலு புலி. ஆனால் 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டையில் எதிரி நுழைந்தபோது, சமாதானம் பேசிப் பென்ஷன் வாங்கிக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்திருந்தால் இந்த வாக்கு இன்றைக்கு மீம்ஸ் ஆகியிருக்கும். வாளோடு சண்டையிட்டு விழுந்தார். அவர் குடும்பத்தை இங்கேதான், நம் கோட்டைக்குள் காவலில் வைத்தார்கள். காதில் கடுக்கன் கூடாது, நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை போடு என்று அங்கிருந்த ஆங்கிலேயக் கம்பெனியின் சிப்பாய்களுக்கு உத்தரவு வந்தது. 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை வெடித்தது. ஏற்றிய கொடி எது? திப்புவின் கொடி. செத்து ஏழு வருடம் ஆன மனிதரின் கொடி! சொல்லழகைக் கேட்டா சிப்பாய் உயிரைக் கொடுத்தான்?

தொரப்பாடி ஜெயில் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. 1921 டிசம்பரில் ராஜாஜி வேலூர்ச் சிறைக்கு வந்தார். அங்கே எழுதிய டைரியில், சுதந்திரம் வந்ததும் தேர்தல் ஊழலும் பணத்தின் கொடுமையும் திறமையற்ற நிர்வாகமும் வாழ்க்கையை நரகமாக்கிவிடும் என்று எழுதினார். இதையே டீக்கடையில் ஒருவர் சொன்னால் புலம்பல் என்று எழுந்து போவோம். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, அந்தச் சுதந்திரத்துக்காகவே உள்ளே இருந்தவர், அது வருவதற்கு 25 வருடம் முன்னால் எழுதியதால் அல்லவா முதுகு சில்லிடுகிறது?

தம்பியின் பிரம்மாஸ்திரம் கணியன் பூங்குன்றனார். "யாதும் ஊரே யாவரும் கேளிர்" பாடியவர் வாழ்க்கை நமக்குத் தெரியாதே என்றார். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். ஆனால் பாட்டைக் கடைசி வரை படித்தாரா? பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழவும் மாட்டோம் என்று முடிகிறது. மன்னர்களைப் பாடிக் குவித்த புறநானூற்றில் இந்த 192-ஆம் பாட்டில் ஒரு ராஜாவும் இல்லை. சொன்னதை அந்தப் பாட்டுக்குள்ளேயே செய்து காட்டிவிட்டார் மனிதர். அந்த ஒன்றுக்கு வேண்டுமானால் தம்பிக்கு அரை மதிப்பெண் போடுங்கள் நடுவர் அவர்களே, எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஊர்ச் சொலவடை ஒன்றும் பாக்கி இருக்கிறது. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில் என்று நம்மைக் கேலி செய்வார்கள். எதுகை மோனைக்கா குறை? 1981-இல் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து, கோட்டைக்குள் சாமி இல்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தார்கள். சொலவடையில் ஒரு கால் அன்றோடு ஒடிந்தது.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மாவுக்கு ஒரே கேள்வி. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, டாக்டருக்குப் படித்துத் திரும்பி, 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு இங்கே வைத்தியம் தொடங்கினார் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க அம்மையார். அதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அவர் சொன்ன பொன்மொழி ஒன்றை, தாளைப் பார்க்காமல், சொல்லிவிட்டு அம்மா பேச்சை ஆரம்பிக்கட்டும். நன்றி, வணக்கம்.