தளபதி வராத நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

1640களில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போர் என்றாலே, நாடாளுமன்றப் பக்கம் நின்ற கிராம்வெல் பெயர்தான் நமக்கு வாயில் வரும். அந்தக் கிராம்வெல்லுக்கே மேல் தளபதியாக இருந்தவர் தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ். 1645இல் நாடாளுமன்றம் புதுப் படை திரட்டி அவர் கையில் கொடுத்தபோது வயது 33. கறுத்த நிறம், அதனால் 'கறுப்பு டாம்' என்றே பெயர்.

அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 2. யார்க் நகருக்கு அருகே மார்ஸ்டன் மூர். யார் எந்தப் பக்கம் என்று தெரிவதற்காக நாடாளுமன்றப் படையினர் தொப்பியில் வெள்ளை அடையாளம் செருகியிருந்தார்கள். குதிரைப்படையோடு பாய்ந்த ஃபேர்ஃபாக்ஸ் எதிரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். முகத்தில் வெட்டுக்காயம் வேறு. சட்டென்று அந்த வெள்ளை அடையாளத்தை எடுத்துவிட்டார். அரசர் படையில் ஒருவர் போல அவர்களுக்குள்ளேயே குதிரையை ஓட்டிக்கொண்டு, மறுகோடியில் இருந்த கிராம்வெல்லிடம் போய்ச் சேர்ந்தார்!

1646இல் ஆக்ஸ்ஃபோர்டு சரணடைந்ததும் அங்கிருந்த பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தை யாரும் சூறையாடாமல் காவல் போட்டார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் 1648இல் கோல்செஸ்டரைப் பதினொரு வாரம் முற்றுகையிட்டுப் பிடித்த பிறகு, சரணடைந்த அரசர் படைத் தளபதிகள் லூகஸ், லைல் இருவரையும் சுட்டுக் கொல்லச் செய்ததும் இதே மனிதர்தான்.

சரி, 1649 ஜனவரிக்கு வருவோம். அரசர் முதலாம் சார்லஸை விசாரிக்க நியமிக்கப்பட்டவர்களில் ஃபேர்ஃபாக்ஸும் ஒருவர். முதல் ஆலோசனைக் கூட்டத்துக்குப் போனார், அதோடு சரி. விசாரணை நாளில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். ஃபேர்ஃபாக்ஸ் பெயர் வருகிறது. பதில் இல்லை. மேலே பார்வையாளர் பகுதியிலிருந்து முகமூடி அணிந்த ஒரு பெண்ணின் குரல்: "இங்கே வராத அளவுக்கு அவருக்குப் புத்தி இருக்கிறது!" அந்தப் பெண் அவர் மனைவி ஆன்.

மனைவி சபையில் கத்தினார். படையையே கையில் வைத்திருந்த கணவர் வீட்டில் இருந்தார். அரசருக்கு நிறைவேற்றப்பட்ட மரண தண்டனையை அவர் ஆதரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. எனக்கு இதுதான் இன்னும் உறுத்துகிறது. மறு ஆண்டு ஸ்காட்லாந்து மீது படையெடுக்கச் சொன்னபோதுதான் 'முடியாது' என்று பதவியை விட்டார். அப்புறம் யார்க்‌ஷயரில் நன் ஆப்பிள்டன் வீடு, தோட்டம். மகள் மேரிக்குப் பாடம் சொல்லித்தரக் கவிஞர் ஆண்ட்ரூ மார்வெலை வைத்துக்கொண்டார்.

1660இல் அந்த அரசரின் மகன் இரண்டாம் சார்லஸை மீண்டும் அரியணைக்கு அழைத்துவர நெதர்லாந்தின் ஹேக் நகருக்குப் போன குழுவிலும் ஃபேர்ஃபாக்ஸ் இருந்தார். மறு ஆண்டு முடிசூட்டுக்கு அந்த மகன் ஏறிப்போன குதிரை, ஃபேர்ஃபாக்ஸ் கொடுத்தது.

வணக்கம்.