இந்த ராணி காமிக்ஸுக்கு எத்தனை மதிப்பெண்?

வணக்கம் நண்பர்களே. காட்பாடியிலிருந்து பேசுகிறேன். மேசையில் இருப்பது எண்பதுகளில் வந்த ஒரு ராணி காமிக்ஸ். வேலூர் லாங்கு பஜார் பக்கம், எடைக்கு வந்த பழைய பேப்பர் கட்டுக்குள் கிடந்தது. "கிழிந்துபோனதை வைத்து என்ன செய்யப் போகிறாய் தம்பி?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். இதன் நிலை என்ன என்று இன்று பார்த்துவிடுவோம்.

எல்லோரும் முதலில் அட்டையைத்தான் பார்ப்பார்கள். நான் பக்கங்களிலிருந்து தொடங்குவேன். அட்டை எவ்வளவு பளபளத்தாலும், கதையில் ஒரு தாள் இல்லையென்றால் மதிப்பு அங்கேயே சரிந்துவிடும். நடுவில் கம்பிப் பின் அடித்த புத்தகத்தில் ஒவ்வொரு தாளும் இரண்டாக மடித்தது. ஒரு தாளுக்கு நான்கு பக்கம். 64 பக்கப் புத்தகமானால், ஒரே தாளின் முன்பாதிப் பக்க எண்ணும் அதற்கு ஜோடியான பின்பாதிப் பக்க எண்ணும் சேர்ந்து எப்போதும் 65 என்ற கூட்டுத்தொகை தரும். 1-க்கு ஜோடி 64, 17-க்கு 48. எந்தப் புத்தகமானாலும் மொத்தப் பக்கத்தோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள், போதும். இதில் பின்பாதியில் ஒரு பாதித் தாள் கம்பியில் பிடிப்பில்லாமல் ஆடுகிறது, தெரிகிறதா? கணக்குப் போட்டு முன்பாதியில் தேடினேன். அதன் ஜோடியைக் காணோம். ஒரு பாதித் தாள் ஆடினால், புத்தகம் வாங்கும் இடத்திலேயே ஜோடியைத் தேடிவிடுங்கள்.

அடுத்தது கம்பிப் பின்கள். இரண்டுமே துருப்பிடித்து, சுற்றிலும் காகிதம் செம்பழுப்பாகிவிட்டது. முதுகில் மேலிருந்து கீழ்வரை செல்லோடேப். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்தப் பசை நாளடைவில் பழுத்துக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். உரித்தால் அச்சு மையும் கூடவே வந்துவிடும். ஆகவே ஒட்டாதீர்கள், ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ஓரங்களை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. காகிதம் மலிவான நியூஸ்பிரிண்ட். அதில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருளால் அமிலம் ஊறி, தாள் மஞ்சளாகி நொறுங்கும். மூலையை மடித்துச் சோதிக்க வேண்டாம். பக்கத்தைப் புரட்டிய பிறகு மேசையைப் பாருங்கள். தூள் உதிர்ந்திருந்தால் பதில் தெரிந்துவிட்டது. இங்கே கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது.

இனி மதிப்பெண். அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் அளவுகோல் 10 வரை போகும். அதில் 2 வாங்குவதே நன்றாகத் தேய்ந்த புத்தகம்தான். கதைப் பக்கம் இல்லாததால் இதற்கு 0.5. ஒரு புள்ளிகூட ஏற்றித் தர மாட்டேன். விற்பவர்கள் "பழையது, அரியது" என்று சொல்லி இந்த மாதிரிப் புத்தகத்தை "நல்ல நிலை" என்று தள்ளிவிடுகிறார்கள். அரியது என்பது வேறு, நிலை என்பது வேறு.

ஆனால் முதல் பக்கத்தில் இந்த ஊதா முத்திரையைப் பாருங்கள். ஒரு வாடகை நூலகத்தின் முத்திரை. கீழே "வட ஆற்காடு மாவட்டம்" என்றிருக்கிறது. அந்த மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. ராணி காமிக்ஸ் தொடங்கியது 1984 ஜூலையில். ஆக, பெரும்பாலும் அந்த ஐந்தாண்டு இடைவெளியில் குத்திய முத்திரை இது. அளவுகோலுக்கு இது ஒரு கறை; குறையாகத்தான் எழுத வேண்டும். எனக்கோ இந்தப் புத்தகத்தை வைத்துக்கொள்ள இதுவே காரணம். காசு கொடுத்து வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் திருப்பிக் கொடுத்த நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் படித்திருப்பார்கள்! விவரக் குறிப்பில் நிலையை ஒரு வரியிலும் முத்திரையைத் தனி வரியிலும் எழுதுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

இதை விற்கப் போவதில்லை. பின்னைக் கழற்றாமல், அமிலமில்லாத அட்டையில் வைத்து, வெயில் படாத பீரோவில் படுக்கவைக்கிறேன். காணாமல்போன பாதித் தாளுக்கு முன் கடைசிக் கட்டத்தில் ஒருவன் கதவைத் தட்டுகிறான். அடுத்துக் கிடைக்கும் பக்கத்தில் கதாநாயகன் கடலில் நீந்திக்கொண்டிருக்கிறான். அட்டைப் படத்தைத் திரையில் வைக்கிறேன். உங்களிடம் இந்த இதழ் இருந்தால், அந்த இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். கதவைத் திறந்தது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.