நிலத்தை வந்து பார்க்கிற வக்கீல்

நேயர்களுக்கு வணக்கம். நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்துக் கிராமங்கள்தான். வழக்கில் கிடந்த நிலங்களை எத்தனையோ முறை அளந்திருக்கிறேன். கோர்ட்டில் எழுதப்பட்ட ஒரு வரி வரப்பில் வந்து என்ன பாடு படுத்துகிறது என்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். சொத்து வாங்குகிறவர்களுக்கும், சொத்துத் தகராறில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் அதைச் சொல்லி, நிலம் இருக்கிற பக்கத்து வக்கீலை ஏன் பிடிக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்தேன்.

ஒரு காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. பதினோரு வருடம் வழக்கு நடத்தி ஜெயித்த ஓர் அம்மா. கணவர் இறந்துபோனவர். தீர்ப்பின்படி நிலத்தை ஒப்படைக்க, உத்தரவை நிறைவேற்றுகிற கோர்ட் ஊழியரான ஆமீன் வந்திருந்தார். அளந்து காட்ட நான் போயிருந்தேன். தீர்ப்பில் இருந்த சொத்து விவரத்தைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. சர்வே எண் பழையது. உட்பிரிவு தப்பு. நான்கெல்லையை ஐம்பதுகளில் எழுதிய பத்திரத்திலிருந்து அப்படியே இறக்கியிருந்தார்கள். வடக்கு எல்லையாகச் சொன்ன நஞ்சை மூன்று கை மாறி, நான்கு துண்டாகிவிட்டது. பரப்பு மூலப்பத்திரத்தில் மா, குழி என்ற பழைய அளவில் இருந்தது. அதை ஏக்கர், சென்ட்டாக மாற்றியதிலும் பிழை. எதிர்த்தரப்புக்காரர், "எந்த நிலம் என்று காட்டுங்கள், விட்டுவிடுகிறேன்" என்றார். யாராலும் காட்ட முடியவில்லை. சொத்தை அடையாளம் காண இயலவில்லை என்று எழுதிக்கொண்டு ஆமீன் திரும்பிப் போனார். அந்த அம்மா தீர்ப்பு நகலைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய வக்கீல் கெட்டிக்காரர், நன்றாக வாதாடுபவர். தொலைவில் ஒரு பெரிய நகரத்தில் இருந்தார். அந்தக் கிராமத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

நிலம் இருக்கும் எல்லைக்குள் இருக்கிற நீதிமன்றத்தில்தான் நிலத்தைப் பற்றிய வழக்கைப் போட வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் சென்னையில் இருங்கள், சிங்கப்பூரில் இருங்கள், நிலம் மன்னார்குடியில் என்றால் வழக்கும் அந்தப் பக்கத்துக் கோர்ட்டில்தான். வக்கீலும் அங்கே நாள்தோறும் நிற்கிறவராக இருந்தால், வாய்தாவுக்கு ஆள் வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிற ஆபத்து குறையும். அப்படி ஆகிவிட்டால் அதை நீக்கக் கேட்டு மனுப் போட 30 நாள்தான் கெடு.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வட்டாரத்து நிலத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் 1980களில் யு.டி.ஆர். என்ற நிலவுடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அப்போது பட்டாவில் பெயர் மாறிப்போன குடும்பங்கள் இன்னும் அலைகின்றன. காவிரிப் படுகையில் கோயில் நிலம், மடத்து நிலம் ஏராளம். குத்தகைதாரர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாது, 1955-ஆம் ஆண்டுச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குத்தகையைப் பதிவு செய்த பதிவேடும் உண்டு. பதிவான குத்தகைதாரர் உழுகிற நிலத்தை விவரம் தெரியாமல் வாங்கினால், உங்கள் கையில் பத்திரம் இருக்கும், நிலம் வராது. வில்லங்கச் சான்றில் இதெல்லாம் தெரியாது. அதில் வருவது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவை மட்டும். பதியாத உயில், வாய்மொழிப் பாகம், கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும் வழக்கு, இவை அதற்கு வெளியே இருக்கலாம். அந்தக் கோர்ட்டிலேயே இருக்கிற வக்கீல், இந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் "அங்கே ஒரு பாக வழக்கு ஓடுகிறதே" என்று நிமிர்ந்து பார்ப்பார். அந்த ஒரு பார்வை பல லட்சத்தைக் காப்பாற்றும்.

சரி, அப்படிப்பட்டவரை எப்படிக் கண்டுபிடிப்பது? பாக வழக்கோ வரப்புத் தகராறோ முடித்தவர்களிடம் விசாரியுங்கள். கோர்ட்டில் ஒரு காலை உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் காகிதங்களோடு போய் அவர் முன்னால் உட்காருங்கள். அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். தாய்ப்பத்திரம் எங்கே, ஊர் நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேடு எடுத்தீர்களா, நிலத்தின் அளவு வரைபடமான புலப்பட நகல் இருக்கிறதா, இப்போது நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது, வீட்டில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் கையெழுத்துப் போட்டார்களா என்று கேட்டால் தைரியமாக உட்காரலாம். தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தார்கள். 2005-இல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டது. அண்ணன் தம்பிகள் மட்டும் எழுதிக்கொடுத்த பத்திரத்தை நம்பி வாங்கி, பத்து வருடம் கழித்து வழக்கைச் சந்தித்தவர்களை எனக்குத் தெரியும். அக்கா தங்கைகள் கேட்டது அவர்களுக்கு உரியதைத்தான்.

"நிலத்தை ஒரு தடவை வந்து பார்க்கிறீர்களா, சார்?" என்று நீங்களும் கேளுங்கள். அவராலோ அவருடைய ஜூனியராலோ வர முடியவேண்டும். வந்தால் நான்கு பக்கமும் இப்போது யார் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார். எதிர்த்தரப்புக்கு முன்பு எப்போதாவது வக்காலத்துப் போட்டிருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். சின்ன ஊரில் அது நடக்கிற விஷயம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

வழக்கு என்று வந்தால் என்ன பரிகாரம் கேட்கிறோம் என்பது முக்கியம். பலரும் தடை உத்தரவு மட்டும் கேட்டு வழக்குப் போட்டுவிடுகிறார்கள். நிலம் யாருடையது என்பதிலேயே எதிராளி உண்மையான சந்தேகத்தைக் கிளப்பினால், நிலம் எனக்குத்தான் என்று கோர்ட் அறிவிக்கிற உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பல வருடம் ஓடிய பிறகு இந்தக் குறைக்காகத் தோற்பது கொடுமை.

கட்டணத்தை முதலிலேயே பேசி, ரசீது வாங்குங்கள். ஜெயித்தால் நிலத்தில் பங்கு என்று பேசுகிறவரிடம் போகவேண்டாம். வழக்கறிஞர் மன்ற விதிகள் அதை அனுமதிக்கவில்லை. அசல் பத்திரத்தைக் கேட்கும்போதுதான் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒரு சீட்டு வாங்குங்கள். வழக்குப் பதிவானதும் அந்த வழக்குக்கே உரிய, எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடம் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்று கிடைக்கும். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகப் பெரிய தொகையைத் தயங்காமல் கட்டுகிறோம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வக்கீலிடம் எழுத்து மூலம் சட்டக் கருத்து வாங்க அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். பத்திரம் பதிந்த பிறகு ஓடி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

பணமில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பங்காளித் தகராறு என்றால் அங்கேயே மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்க வழி இருக்கிறது. அப்படி முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடும் கிடையாது.

வக்கீலிடம் போகும்போது பழைய கிஸ்து ரசீது, அதாவது நிலவரி கட்டிய ரசீது, வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். பரணில் மஞ்சள் பையில் கிடக்கும். நிலம் யார் அனுபவத்தில் இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. வணக்கம்.