சிவப்புத் தட்டு எதற்கு?

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

பெங்களூரில் ஒரு பொறியியல் தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணியாளர்களுக்கு அளிக்கும் பயிற்சியை நிறுவனத்தின் குறிக்கோளோடும் பண்பாட்டோடும் இணைப்பது எப்படி என்பது பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பைக் கேட்டதும் சிவப்பு வண்ணம் பூசிய ஒரு தகரத் தட்டுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஆலையில் ரயில் பெட்டியின் பிரேக் அமைப்புக்கான புஷ் என்னும் சிறு உருளைகளைக் கடைந்துகொண்டிருந்தோம். உருளையின் நடுத் துளையைச் சோதிக்க ஒரு கேஜ் உண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும். மறுமுனை நுழையக் கூடாது. நுழையக் கூடாத முனை நுழைந்துவிட்டால் துளை பெரிதாகிவிட்டது என்று பொருள். பெரிதான துளையைச் சிறிதாக்க முடியாது என்பதால், அந்த ஜாப்பைச் சிவப்புத் தட்டில் போட்டுவிட வேண்டும். தேறியவை பச்சைத் தட்டுக்குப் போகும். ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் படிப்பை முடித்துவிட்டு அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்த, கே.ஜி.எஃப். எனப்படும் கோலார் தங்கவயலைச் சேர்ந்த பையன் ஒருவனுக்கு இதை மூன்று வாரம் வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். 2001-ஆம் ஆண்டு தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அங்கிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளில் அவனும் ஒருவன். கை சுத்தமான பையன். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினான்.

மாதக் கடைசியில் அவனுக்கு இரவு ஷிஃப்ட் வந்தது. காலையில் லாரி புறப்பட வேண்டும், எண்ணிக்கை குறைந்தது. சூப்பர்வைசர் வந்தார்; சிவப்புத் தட்டில் கிடந்தவற்றைக் கை நிறைய அள்ளினார்; பச்சைத் தட்டில் போட்டார்; ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த இயந்திரத்துக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் பயிற்சிக் கூடத்துக்கு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, "சார், அந்தச் சிவப்புத் தட்டு எதுக்கு சார்?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அப்போது என் மேசைமேல் இருந்த அறிக்கையில், பயிற்சி முழு வருகையுடன் சிறப்பாக நிறைவுற்றது என்று நானே எழுதிக் கையொப்பமிட்டிருந்தேன்.

எங்கள் ஆலை வாயிலில் தரக் கொள்கை கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் பெரிய பலகையாக நின்றது. ஐ.எஸ்.ஓ. 9001 என்னும் உலகத் தர மேலாண்மைத் தரநிலையின் சான்று பெற்ற எந்த ஆலைக்கும் ஒரு விதி பொருந்தும். பணியாளர் ஒவ்வொருவரும் அந்தக் கொள்கையை அறிந்திருக்க வேண்டும், அதில் தன் பங்கு என்ன, அதை மீறினால் என்ன விளையும் என்பதையும் உணர்ந்திருக்க வேண்டும் என்று அந்தத் தரநிலையே கூறுகிறது. நடைமுறையில் நாங்கள் செய்தது வேறு. ஆடிட்டர் வருவதற்கு முந்தைய வாரம் கொள்கையைச் சிறு அட்டையில் அச்சிட்டு எல்லோருடைய சட்டைப் பையிலும் வைத்தோம். கேட்டால் எடுத்துக் காட்டலாம் அல்லவா?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எட்கர் ஷைன், நிறுவனப் பண்பாட்டை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் மேல் அடுக்கு. நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் மதிப்புகள் அதற்கு அடுத்தது. யாரும் எடுத்துச் சொல்லாமலேயே எல்லோரும் உண்மையென ஏற்று நடக்கும் எண்ணங்கள் அடியடுக்கு. பலகையும் அட்டையும் மேலே இருந்தன. வகுப்பறையில் நான் பேசியது நடுவில் இருந்தது. சூப்பர்வைசரின் கை அடியடுக்கிலிருந்து எழுந்து வந்தது. அந்தப் பையன் அதைத்தான் கற்றுக்கொண்டான். புதிதாக வந்தவன் எப்போதும் அதைத்தான் கற்றுக்கொள்வான். அதில் அவன்மேல் தவறில்லை. அன்றாடம் தன் விடுப்பையும் ஓவர்டைமையும் முடிவு செய்பவரின் கை, மூன்று வாரம் பாடம் எடுத்தவரின் வாயைவிட நம்பத் தகுந்தது என்பது அவனுக்குத் தெரியும்.

அந்தக் கையை அடியடுக்கில் வைத்தே பயிற்றுவிக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-ல் நிறைவு செய்த தானியங்கித் தறியில், பாவு இழை ஒன்று அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். குறையுள்ள துணி மேலும் நெய்யப்படாது. பிற்காலத்தில் அவர் குடும்பத்தார் கார் செய்யத் தொடங்கியபோது அந்த எண்ணமும் கூடவே வந்தது. கார் வரிசையில் நிற்கும் தொழிலாளி எவரும் குறை கண்டவுடன் தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுக்கலாம், விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார், குறை தீராவிட்டால் வரிசை நிற்கும். பெங்களூர் – மைசூர் சாலையில் உள்ள பிடதியில் டொயோடா நிறுவனம் 2007-ல் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, பத்தாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, மூன்றாண்டுகள் அங்கேயே தங்கவைத்துப் பழக்குகிறது. கயிற்றை இழுக்கக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். இழுத்துவிட்டு அஞ்சாமல் நிற்பதற்குத்தான் ஆண்டுகள் வேண்டும். ஓடி வருகிறவர் முறைக்காமல் வருவதற்கு அதைவிட அதிக ஆண்டுகள் வேண்டும். இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது: அதே பிடதி ஆலையில் 2020 நவம்பரில் கதவடைப்பும் நடந்தது. பயிற்சிப் பள்ளி நன்றாக இருப்பதனாலேயே ஆலையில் மனத்தாங்கல் வராமல் போய்விடாது. வேலைச்சுமை, ஊதியம், மரியாதை ஆகியவற்றின் கணக்கைப் பயிற்சியால் தீர்க்க முடியாது. தீர்ப்பதாகச் சொல்லி ஒரு நிர்வாகம் பயிற்சிப் பிரிவை முன்னே தள்ளினால், அப்பிரிவு மறுத்துவிடுவதே நேர்மை.

குறிக்கோளிலிருந்தே பயிற்சி பிறந்ததற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கைகளுடன் அதைத் தொடங்கியபோது வைத்துக்கொண்ட நோக்கம், தவிர்க்கக் கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது. அதற்கு ஒரு நாளைக்கு ஏராளமான அறுவைகள் நடந்தாக வேண்டும், மருத்துவர்களோ சிலர்தான். அப்படியானால் மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது, மற்றவர் பழகிச் செய்யக்கூடிய வேலை எது என்று பிரிக்க வேண்டியதாயிற்று. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து இரண்டாண்டுகள் பயிற்சி கொடுத்து, பார்வைச் சோதனை, நோயாளியை அறுவைக்கு ஆயத்தம் செய்வது, அஞ்சி நிற்கும் முதியவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வது ஆகியவற்றை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஒரு மேசையில் அறுவை முடியும்போது அடுத்த மேசையில் நோயாளி ஆயத்தமாக இருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். அங்கே பாடத்திட்டத்தில் உள்ள எந்தப் பாடத்தைச் சுட்டி "இது எதற்கு?" என்று கேட்டாலும், விடை மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஏதோ ஒரு கிழவியின் கண்புரையில் போய் முடியும். எங்கள் பயிற்சி அட்டவணையில் அப்படிக் கேட்டிருந்தால் பாதிப் பாடங்களுக்கு விடையே இருந்திருக்காது.

அந்த அட்டவணை எப்படி உருவாகும் என்பதைச் சொன்னால் நேயர்களில் அலுவலகம் போகிறவர்கள் சிரிப்பீர்கள். ஏப்ரல் மாதம் பயிற்சித் தேவைப் படிவம் ஒவ்வொரு பிரிவுக்கும் போகும். சூப்பர்வைசர் சென்ற ஆண்டுப் படிவத்தைப் பார்த்து அப்படியே நிரப்பி அனுப்புவார். பட்டறையில் யார் இல்லாவிட்டாலும் வேலை நடக்குமோ அவருடைய பெயரை எழுதுவார். ஆகவே ஆண்டுதோறும் அதே பத்துப் பேர் வருவார்கள், தேநீருக்கு வடை உண்டா என்று முதல் நாளே விசாரிப்பார்கள். மார்ச் மாதம் நெருங்கும்போது, ஆளுக்கு இத்தனை நாள் பயிற்சி என்று மேலிடம் விதித்த கணக்கில் பற்றாக்குறை தெரியும். உடனே மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்று ஒரு நாள் வகுப்பு வைத்து, கையில் கிடைத்தவர்களை எல்லாம் உட்கார வைப்போம். வகுப்பு முடிந்ததும் கருத்துப் படிவம். அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் பயிற்சியின் பயனை நான்கு படிகளில் அளக்கச் சொன்னார்: வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்கு விளைவு கிட்டியதா. முதல் படியில் நின்றுகொண்டே ஓய்வு பெற்ற பயிற்சி அதிகாரிகள் பலரை நான் அறிவேன். திட்டமிடும்போது நான்காவது படியிலிருந்துதான் இறங்கி வர வேண்டும் என்பது என் கட்சி.

பெங்களூருக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். 1948-ல் தொடங்கிய ஐ.டி.ஐ. என்னும் தொலைபேசி ஆலை, 1953-ல் வந்த எச்.எம்.டி. என்னும் இயந்திரக் கருவி ஆலை, அடுத்த ஆண்டு வந்த பி.இ.எல். என்னும் மின்னணு ஆலை போன்ற பொதுத்துறை ஆலைகளே கோலோச்சிய காலத்தில், நிறுவனத்தின் பண்பாடு வகுப்பறையில் மட்டும் பரவவில்லை; ஊழியர் குடியிருப்பிலும், கேன்டீனிலும், சங்கு ஊதியதும் சைக்கிளில் புறப்படும் கூட்டத்திலும் பரவியது. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இருந்து வந்த தமிழ்த் தொழிலாளி பக்கத்து இயந்திரத்தின் மூத்தவரிடம் கன்னடமும் தமிழும் கலந்த மொழியில் தொழிலோடு வழக்கத்தையும் சேர்த்தே கற்றார். இன்று வேலையில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரரிடம் போய்விட்டது. வாயிற்காவலர், துப்புரவுப் பணியாளர், உணவு பரிமாறுபவர் எல்லோரும் வேறொரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதால், பயிற்சிப் பட்டியலில் அவர்கள் பெயர் வருவதில்லை. வெளியாள் முதலில் சந்திப்பதோ அவர்களைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவினர் ஒருவரை இந்நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். நோயாளியே எங்கள் முதல் கவலை என்று தாழ்வாரம் முழுவதும் ஒட்டியிருந்தார்கள். இரவு இரண்டு மணிக்கு அறுவைக் கூடத்து வாசலில் நின்ற எங்களுக்கு ஆறுதலாக ஒரு சொல் சொன்னவர், தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி மட்டுமே. "நல்லா பேசறீங்களேம்மா" என்றேன். "நீங்க வேற சார், பேஷண்ட் ஆளுங்ககிட்ட பேசக் கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அந்த மருத்துவமனையின் குறிக்கோளை அங்கே உண்மையில் நிறைவேற்றியவர், தனக்கு அளிக்கப்பட்ட ஒரே பயிற்சியை மீறித்தான் அதைச் செய்ய வேண்டியிருந்தது.

அரசும் இதை உணர்ந்திருக்கிறது. 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த கர்மயோகி இயக்கம், அரசு ஊழியரின் பயிற்சியை விதிகளை அடிப்படையாகக் கொள்வதிலிருந்து அவரவர் ஆற்றும் பங்கை அடிப்படையாகக் கொள்வதற்கு மாற்ற முனைகிறது. இணைய வழிப் பாடங்கள் வந்திருக்கின்றன, நல்லதுதான். பாடத்தை முடித்துவிட்டு மேசைக்குத் திரும்பும் எழுத்தரிடம் அவருடைய மேலதிகாரி என்ன கேட்கிறார் என்பதைப் பொறுத்தே மற்றது.

இனி அந்தப் பையனுக்கு வருகிறேன். அவன் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று பாடக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். துளையின் அளவு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வரை துல்லியமாக எழுதியிருந்தது. அந்த உருளை எங்கே போகிறது என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. நாள்தோறும் ரயிலில் வந்து போகிற அந்தப் பையனுக்கு, தன் கையிலிருக்கும் பொருள் ரயில் பெட்டியின் பிரேக்கில் பொருந்துகிறது என்பதையோ, துளை பெரிதானால் அது விரைவில் தேய்ந்து இணைப்பு தளர்ந்து ஆடத் தொடங்கும் என்பதையோ மூன்று வாரத்தில் எவரும் சொல்லவில்லை. சூப்பர்வைசரைக் கேட்டபோது, அவருக்கும் அது மங்கலாகத்தான் தெரிந்திருந்தது. அவர் கெட்டவர் அல்லர். லாரியில் ஏறிய எண்ணிக்கையை மட்டுமே மாதாமாதம் அவரிடம் கேட்டார்கள். தட்டில் கிடந்ததைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

அடுத்த அணிக்கான வகுப்பில் நான் இரண்டு மாற்றங்கள்தான் செய்தேன். முதல் நாள் எல்லோரையும் ரயில்வே பணிமனைக்கு அழைத்துச் சென்று, கழற்றி வைத்திருந்த பிரேக் அமைப்பில் தேய்ந்த புஷ் ஒன்றைக் கையால் ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். சூப்பர்வைசரையும் கட்டாயமாக அழைத்துப் போனேன். அவர் அதை நெடுநேரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது நாள் கேஜ் பாடத்தை நான் எடுக்கவில்லை. அவரையே எடுக்கச் சொன்னேன். முதலில் தயங்கினார், "எனக்குப் பேச வராது சார்" என்றார். பிறகு சிவப்புத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறி ஒரு மணி நேரம் பேசினார்.

அந்த மாதக் கடைசியில் லாரி குறைவாக ஏற்றிக்கொண்டு போயிற்று. காலை பத்து மணிக்கு மேலாளர் அறையிலிருந்து எனக்கும் சூப்பர்வைசருக்கும் அழைப்பு வந்தது. எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று விளக்கம் எழுதிக்கொண்டு வரும்படி உத்தரவு. நாங்கள் எதையும் எழுதவில்லை. சிவப்புத் தட்டையும் கேஜையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினோம்.

நன்றி, வணக்கம்.