நாலு என்று சொன்ன எட்டு: நுரையீரல் மாற்றுக்குப் பின் வலி

வணக்கம். கொஞ்சம் இருங்கள், முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்கிறேன். இடது பக்கம் சாய்ந்தால் இன்னும் இழுக்கிறது. ஆமாம், நுரையீரல் மாற்றி 5 மாதம் ஆன பிறகும்.

நுரையீரலுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு தங்கை நேற்று போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, ரொம்ப வலிக்குமா?" என்றாள். வலிக்கும் என்றுதான் சொன்னேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் எங்கே வலிக்கும், எதனால், என்ன செய்யலாம் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பாதி பயம் போயிருக்கும். அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

எனக்கு இரண்டு நுரையீரலையும் மாற்றினார்கள். ஒரு அக்குளுக்குக் கீழே தொடங்கி, மார்பகங்களுக்கு அடியில் குறுக்காக வந்து, மறுபக்க அக்குள் வரைக்கும் தையல். சிப்பியைப் பிளப்பது போலத் திறப்பதால் இதற்குக் கிளாம்ஷெல் என்று பெயர். நடு நெஞ்செலும்பையும் குறுக்கே அறுத்து, முடித்த பிறகு கம்பி போட்டுக் கட்டுகிறார்கள். விலா எலும்புகளை அகட்டும்போது அவற்றின் அடியோரமாக ஓடும் நரம்புகள் நசுங்கிவிடுகின்றன. இது போதாதென்று நீரும் காற்றும் வெளியேற இரண்டு பக்கமும் டிரெயின் குழாய்கள். முதல் வாரத்தில் தையலைவிட அந்தக் குழாய்கள்தான் என்னைப் படுத்தின. மூச்சை இழுக்கும்போதெல்லாம் உள்ளே உரசும். அவற்றை எடுத்த அன்றைக்குத்தான் கண்ணை மூடித் தூங்கினேன்.

முதுகுத்தண்டுக்கு அருகே மெல்லிய குழாய் வைத்து மரத்துப்போகும் மருந்து விடுவார்கள், எபிடூரல் என்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து போயிருந்தால் அதை உடனே வைக்க முடியாது. எனக்கு இரண்டாம் நாள்தான் வைத்தார்கள்.

சரி, இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். சிஸ்டர் வந்து, "பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள வலி எத்தனைக்கா?" என்று கேட்பார். உள்ளே எட்டு இருக்கும். நான் நாலு என்பேன். அம்மா பக்கத்தில் நின்று, "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா, பல்லைக் கடிச்சுக்கோம்மா" என்பார். அது அவருடைய பாசம். எனக்கோ வலி மருந்து பழகிவிடுமோ என்ற பயம் வேறு. இரண்டு நாள் அப்படியே கிடந்தேன். இருமவில்லை, மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூன்று பந்துக் கருவியை இழுக்கவில்லை. மூன்றாம் நாள் ஆக்சிஜன் அளவு இறங்கியது. சளி அடைத்துவிட்டதென்று உள்ளே குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள்.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கொடையாளரிடமிருந்து நுரையீரலை எடுக்கும்போது அதற்குப் போகும் நரம்புகள் அறுபடுகின்றன. அவற்றை யாராலும் ஒட்டித் தர முடியாது. மூச்சுக்குழாயை ஒட்டிய இடத்துக்குக் கீழே சளி சேர்ந்தால் இருமல் தானாக வராது. நாமாக நினைத்து இரும வேண்டும். எட்டு வலியில் யார் இருமுவார்கள்? பிசியோ செய்த பெண் என்னிடம், "நீங்க நாலுன்னு சொன்னா நான் எப்படிக்கா உங்களை இரும வைக்கிறது?" என்று கேட்டார். அன்றிலிருந்து உண்மையான எண்ணைச் சொன்னேன். பிசியோவுக்குக் கொஞ்ச நேரம் முன்பே மருந்து வரும்படி நேரத்தை மாற்றினார்கள். ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமினேன். வலி மூன்றுக்கு வந்தபோதுதான் சளியும் வந்தது.

மார்ஃபின் போன்ற மருந்தை நிறையக் கொடுத்தால் தூக்கம் அழுத்தும், மூச்சு மந்தமாகும், மலம் இறுகும். அதனால் பாரசிட்டமால், நரம்பு மருந்து என்று கலந்துதான் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னும் கவனம் வேண்டும். ஒருநாள் முதுகு வலித்ததென்று என் கணவர் மருந்துக்கடையில் சொல்லி ஒரு மாத்திரை வாங்கி வந்துவிட்டார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் டைக்ளோஃபினாக். உடம்பு புது நுரையீரலை எதிர்க்காமலிருக்க நாம் தினமும் சாப்பிடும் டாக்ரோலிமஸ் ஏற்கெனவே சிறுநீரகத்தைச் சிரமப்படுத்துகிறது. அதோடு டைக்ளோஃபினாக்கோ ஐபுப்ரோஃபெனோ சேர்ந்தால், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் அளவு ஏறிவிடும். நரம்பு வலிக்குச் சிலருக்குக் கொடுக்கும் கார்பமசெபைன் இன்னொரு ஆபத்து. அது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைக் குறைத்துவிடும், உடம்பு புது நுரையீரலை எதிர்க்கத் தொடங்கலாம். யார் என்ன கொடுத்தாலும், கஷாயமாக இருந்தாலும், முதலில் உங்கள் மாற்று சிகிச்சைக் குழுவுக்குப் போன் செய்யுங்கள்.

பாரசிட்டமால் போடுவதற்கு முன்பும் ஒரு வேலை இருக்கிறது. தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருக்கும் நமக்குக் காய்ச்சல்தான் பல நேரம் முதல் எச்சரிக்கை. மாத்திரை அதை மறைத்துவிடும். நான் ஒரு நோட்டில் மணி, சூடு, வலி எண், மூன்றையும் எழுதுகிறேன்.

பெண்களுக்கு மட்டும் ஒன்று. தையல் மார்பகத்துக்கு அடியில் ஓடுவதால் உள்ளாடைப் பட்டி சரியாக அதன்மேல் உட்காரும். எனக்கு அங்கே ஒரு பக்கம் மரத்துக் கிடக்கிறது, மறுபக்கம் துணி பட்டாலே தீயாக எரிகிறது. இதை ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு மாதத்தை வீணாக்கினேன். சொன்ன பிறகு, நசுங்கிய நரம்பின் வலி இது என்று பிரெகாபாலின் தொடங்கினார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை மில்லிகிராம் என்று முடிவு செய்தார்கள். முதல் வாரம் தலை கிறுகிறுத்தது. இப்போது பருத்தியில் தளர்வான பனியன் போட்டால் நாள் முழுக்க இருக்க முடிகிறது.

புதிதாக ஒரு வலி வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். திடீரென்று நெஞ்சில் குத்தினாலோ, கால் ஒன்று வீங்கி வலித்தாலோ, நெஞ்செலும்பு நகர்ந்து 'டக்'கென்று சத்தம் கேட்டாலோ, அன்றைக்கே போய்விடுங்கள்.

அம்மா இப்போது காலையில் காபி கொண்டு வரும்போதே, "இன்னைக்கு எத்தனைம்மா?" என்று கேட்கிறார். இன்றைக்கு இரண்டு. அவரே நோட்டில் எழுதிக்கொண்டார்.