டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் குழாய்

நேயர்களே, வணக்கம். 30 ஆண்டுகளுக்கு மேலாகக் கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தி வருகிறேன். இன்று ஒரு சாண் நீளமுள்ள ரப்பர் குழாய் ஒன்றைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். பெட்ரோல் டேங்குக்கு உள்ளே, பம்பின் தலையிலிருந்து டேங்க் மூடிக்குப் போகும் குழாய் அது. வண்டியின் சொந்தக்காரர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காருக்குப் பெட்ரோல் பம்ப் மாற்றிக் கொடுத்தேன். பழைய குழாய் விறைத்துப் போயிருந்ததால் அதையும் மாற்றினேன். இரண்டு மாதம் கழித்து அதே கார் திரும்பி வந்தது. மேடு ஏறும்போது இழுக்கவில்லை, சில நேரம் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்றார்கள். பம்ப் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது. அழுத்தமானியை மாட்டினால் 3 பார் காட்ட வேண்டிய முள் 1 பாரைத் தாண்டவில்லை. கீழே படுத்துத் தேடினேன். எங்கும் ஒரு சொட்டுக் கசிவில்லை, பெட்ரோல் வாடையும் இல்லை. கடைசியில் டேங்கைத் திறந்து பார்த்தபோது, நான் மாட்டிய புதுக் குழாய் ஊறிய தோல் போலத் தடித்துக் கொழகொழத்து, கிளிப்புக்கு அருகே நெடுக்காகப் பிளந்திருந்தது. பம்ப் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அது தள்ளிய பெட்ரோலில் பெரும்பகுதி அந்தப் பிளவு வழியே மறுபடியும் டேங்குக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது.

அந்தக் குழாய் போலியானது அல்ல. நல்ல கடையில், பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு என்று கேட்டு வாங்கியது. ஆர்9 என்ற தரக்குறி அதன் மேல் அச்சிட்டும் இருந்தது. அப்படியிருந்தும் ஏன் கெட்டது?

இன்ஜின் பக்கம் ஓடும் பெட்ரோல் குழாய்க்குப் பெட்ரோல் உள்ளே மட்டும்தான். அதன் உள்சுவர் பெட்ரோலைத் தாங்கும் ரப்பரால் ஆனது. வெளித்தோலுக்கு வேறு வேலை: சூடு, வெயில், உராய்வு ஆகியவற்றைத் தாங்க வேண்டும். எப்போதாவது ஒரு துளி பட்டால் தாங்கும். இரவும் பகலும் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்க அது செய்யப்படவில்லை. டேங்குக்குள் போட்டால் வெளித்தோல் பெட்ரோலைக் குடித்து ஊதுகிறது. வெட்டிய முனை வழியாகவும் பெட்ரோல் நடுவிலுள்ள நூல் பின்னலுக்குள் ஏறுகிறது. பிறகு தோல் உரிந்து கருந்துகளாக உதிர்ந்து பம்பின் வடிகட்டியை அடைக்கிறது. உள்ளே இருக்கும் அழுத்தமோ 3 பார், சில கார்களில் 4 பார். உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட அதிகம். பலமிழந்த குழாய் அதற்கு எத்தனை நாள் ஈடுகொடுக்கும்?

டேங்குக்குள் போடுவதற்கென்றே ஒரு தரம் இருக்கிறது. எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே30 என்ற தர வரையறையில் அதன் பெயர் ஆர்10. ஆர்6, ஆர்7 என்பவை குறைந்த அழுத்தத்துக்கான குழாய்கள், கார்புரேட்டர் வண்டிகளுக்கு ஏற்றவை. ஆர்9 இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் டேங்குக்கு வெளியே ஓடுவதற்கு. ஆர்10 குழாய் உள்ளும் புறமும் பெட்ரோலிலேயே கிடப்பதற்கென்று செய்யப்படுவது. இதற்குப் பொதுவாகப் பயன்படுவது ஃப்ளோரின் கலந்த ரப்பர். 1950களில் விமானங்களுக்கும் ஏவுகணைகளுக்கும் தேவைப்பட்டதால் உருவான சரக்கு அது. அதனால்தான் விலை சாதாரணக் குழாயைப் போலப் பல மடங்கு. ஆனால் நமக்குத் தேவை ஒரு சாண். அந்த ஒரு சாணில் மிச்சம் பிடித்து என்ன காணப் போகிறோம்?

ஆகவே கடையில் ‘பெட்ரோல் பைப் கொடுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கலாமா?’ என்று கேளுங்கள். குழாயின் மேல் ஆர்10 என்ற எழுத்து இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கடைக்காரர் உறுதி சொல்வது மட்டும் போதாது. எனக்கும் ஒருவர் உறுதி சொல்லித்தான் கொடுத்தார்.

பல புதிய கார்களில் ரப்பருக்குப் பதிலாகச் சுருள் சுருளாக மடிப்பு வைத்த நைலான் குழாயைக் கம்பெனியே போடுகிறது. அது மிக நல்ல குழாய்தான். ஆனால் பம்பின் முனையில் அதை இறுக்கமாகச் செருகியிருப்பார்கள். பிடுங்கி எடுக்கும்போது பெரும்பாலும் கிழிந்துவிடும். கிழிந்ததை ஒட்டுப்போட்டு மாட்டாதீர்கள். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூபை டேங்குக்குள் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறும். அதை மென்மையாக வைத்திருக்கும் பொருளைப் பெட்ரோல் கரைத்து எடுத்துவிடும். பிறகு அது காய்ந்த குச்சி போல விறைத்து ஒடியும்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் தொடங்கி நாடெங்கும் பரவிவிட்டது. வெறும் பெட்ரோலில் ஊதுவதைவிட இந்தக் கலவையில் பழைய வகை ரப்பர்கள் அதிகம் ஊதும். பல ஆண்டுகள் தாக்குப்பிடித்த குழாய் இனியும் அப்படியே தாக்குப்பிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற வாகனப் புகை விதி வந்த பிறகு நம் இருசக்கர வாகனங்களும் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் பலவற்றின் டேங்குக்குள்ளும் இப்போது பம்ப் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

கிளிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருகி இறுக்கும் சாதாரணக் கிளிப்பின் பட்டையில் வரிசையாகக் கீறல்கள் இருக்கும். இறுக்க இறுக்க ரப்பர் அந்தக் கீறல்களுக்குள் பிதுங்கி அறுபடும். உட்பக்கம் வழவழப்பாகவும் விளிம்பு வெளிப்புறம் மடிந்தும் இருக்கும் கிளிப்தான் வேண்டும். குழாயை வெட்டும்போது கூரிய கத்தியால் நேராக ஒரே வெட்டு. வளைவில் மடிந்து நெரியாதபடி நீளம் இருக்கட்டும்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். குழாயில் நிற்கும் அழுத்தத்தை இறக்கிய பிறகே எதையும் பிரியுங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்போ வெல்டிங்கோ இல்லாத இடத்தில் டேங்கைத் திறங்கள். என் பட்டறையில் அந்த நேரத்தில் கைபேசியைக் கூட அருகில் வைக்க நான் விடுவதில்லை.

திரும்பி வந்த அந்தக் காருக்கு ஆர்10 குழாயை வரவழைத்து, கூலி வாங்காமல் மாட்டிக் கொடுத்தேன். சென்ற ஆண்டு டேங்கைச் சுத்தம் செய்வதற்காக அது மறுபடியும் வந்தது. திறந்ததும் முதலில் அந்தக் குழாயைத்தான் விரலால் அழுத்திப் பார்த்தேன். மாட்டிய அன்று இருந்த அதே கெட்டித்தன்மை. துணியால் துடைத்தபோது துணியில் கருமை ஒட்டவில்லை.